சோசலிசம் கற்க முதலில் எந்த நூலை எடுப்பது?

வாரம் ஒருமுறை பத்துப் பேர் கூடிப் படிப்பது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வங்கி ஊழியர். இருவர் ஒரகடம் பக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரு கல்லூரி மாணவி, ஒரு மென்பொருள்காரர், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் என்று மற்றவர்கள். சோசலிசம், கம்யூனிசம் என்று மேடையிலும் சுவரொட்டியிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய இந்தச் சிந்தனை எங்கே பிறந்தது, அடிப்படையில் என்ன சொல்கிறது என்று மூல நூல்களிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் உள்ள ஆசை. உடனே வருகிற கேள்வி, முதலில் எதை எடுப்பது?

இதற்கு நம் பக்கத்தில் வழக்கமாகச் சில பதில்கள் உண்டு. கட்சிக்காரர்களைக் கேட்டால் மார்க்ஸும் அவருடைய தோழர் எங்கெல்ஸும் எழுதிய 'கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை' என்பார்கள். கொஞ்சம் நிதானமானவர்கள் எங்கெல்ஸின் 'கற்பனாவாத சோசலிசமும் விஞ்ஞான சோசலிசமும்' என்பார்கள். 'படிப்பதென்றால் மூலதனத்தையே படி, மற்றதெல்லாம் சுற்றுவழி' என்று சொல்கிறவர்களும் உண்டு. வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் மார்க்ஸுக்கு முன்னால் போய் ராபர்ட் ஓவனிடம் தொடங்கச் சொல்வார்கள். இந்த நான்கையும் எடைபோட்ட பிறகு நான் கையில் எடுப்பது ஐந்தாவது ஒன்றை: 1865 ஜூனில் லண்டனில் மார்க்ஸ் ஆற்றிய உரையான 'கூலி, விலை, லாபம்'.

நான் வைக்கும் அளவுகோல்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் நூல், படிப்பவர் தன் சொந்த வாழ்க்கையை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு கருத்தையாவது கையில் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஒன்றிரண்டு மாதத்தில் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சோசலிஸ்டுகளுக்குள்ளேயே நடந்த சண்டையை மறைக்காமல் காட்ட வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எல்லோரும் ஒரே குரலில் பேசியதாக நினைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர், முதல் கருத்து வேறுபாட்டைப் பார்த்ததுமே வெளியே போய்விடுகிறார்.

ஓவனிடமிருந்து தொடங்குவது

வேரிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. அந்த வேர் சுவையானதும்கூட. 1800ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் நியூ லானார்க் பஞ்சாலைகளின் நிர்வாகத்தை ஓவன் ஏற்றார். அவரும் முதலாளிதான். அக்கம்பக்கத்து ஆலைகளில் 13, 14 மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டிருந்தபோது இவர் அதைப் பத்தரை மணியாகக் குறைத்தார். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை ஆலைக்குள் விடவில்லை. அவர்களுக்குப் பள்ளி கட்டினார். பஞ்சு வராமல் நான்கு மாதம் ஆலை நின்றபோது முழுக் கூலியையும் கொடுத்தார்.

ஆலைக்குள் அவர் வைத்த ஒரு சிறு பொருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பக்கத்தில், விரல் நீளத்துக்கு நாலு பக்கமுள்ள ஒரு மரத்துண்டு தொங்கும். பக்கத்துக்கு ஒரு நிறம்: கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. நேற்றைய வேலை மோசமென்றால் கறுப்பு முன்னால் தெரியும். சிறப்பாக இருந்தால் வெள்ளை. திட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. முதலாளி நடந்துபோகும்போது மரத்துண்டைப் பார்ப்பார், தொழிலாளியைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அந்தக் காலத்துப் பஞ்சாலைக்கு இது பெரிய கருணை. ஆனாலும் நிறத்தைத் திருப்பிவைக்கும் கை மேலாளுடைய கைதான். ஓவனின் சோசலிசம் எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றது என்பதை அந்த மரத்துண்டே காட்டிவிடுகிறது.

ஓவன் இதை உணராதவர் அல்ல. தன் தொழிலாளர்கள் இன்னும் தன் தயவில் வாழும் அடிமைகளே என்று அவரே எழுதினார். நியூ லானார்க்கில் இருந்த 2,500 பேரில் உழைக்கிறவர்கள் உண்டாக்கும் செல்வத்தை, அரை நூற்றாண்டுக்கு முன் உண்டாக்க 6,00,000 பேர் கொண்ட ஊரின் உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டார். அப்படியானால் 2,500 பேர் சாப்பிட்டதுபோக மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டார். போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டியாகவும், அதற்கு மேல் 3,00,000 பவுண்டுக்கு அதிகமான லாபமாகவும் உடைமையாளர்களிடம் போயிற்று. பின்னால் வந்த மொத்தச் சிந்தனையும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைத்தது என்று நான் நினைக்கிறேன். கேள்வியைச் சரியாகக் கேட்டவர் பதிலைச் செல்வந்தர்களின் நல்ல மனதில் தேடினார். 1825இல் அமெரிக்காவின் இந்தியானாவில் நியூ ஹார்மனி என்று ஊரையே வாங்கிப் பொதுவாழ்வைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அது கலைந்தது. 1832இல் லண்டனில் உழைப்பு மணிக்கணக்கைப் பணமாக அச்சடித்துப் பண்டமாற்றுச் சந்தை வைத்தார். 1834இல் அதையும் மூட வேண்டிவந்தது.

பிரான்சில் இன்னும் இருவர். ஐம்பது தலைசிறந்த விஞ்ஞானிகளையும், அதுபோல கலைஞர்களையும் கைத்தொழிலாளர்களையும் இழந்தால் பிரான்ஸ் உயிரற்ற உடலாகிவிடும். அரச குடும்பத்தையும் அமைச்சர்களையும் பெரும் நிலக்கிழார்களையும் இழந்தால் வருத்தம் இருக்குமே தவிர நாட்டுக்கு ஒரு நட்டமும் வராது என்று எழுதி, அதற்காக வழக்கைச் சந்தித்தார் சேன் சிமோன். சுமார் 1,600 பேர் கூடி வாழும் குடியிருப்புகளைத் திட்டமிட்டுவிட்டு, பணம் போட ஒரு புரவலர் வருவார் என்று காத்திருந்தார் ஃபூரியே.

இவர்களுக்கு நேர் எதிர்த் திசையில் இன்னொரு வேர் இருக்கிறது. 1796இல் பாரிஸில் பாபெஃப், சொத்து முழுவதையும் பொதுவாக்க ஒரு ரகசியச் சதியைத் திட்டமிட்டார். மறு ஆண்டு அவர் தலை கில்லட்டினில் உருண்டது. அந்த மரபில் வந்த பிளாங்கி தன் ஆயுளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தார். ஆக ஒரு பக்கம், செல்வந்தரை நம்பவைத்துச் செய்வது. இன்னொரு பக்கம், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் ஆயுதத்தோடு ஆட்சியைப் பிடித்துக்கொடுப்பது. இரண்டிலும் தொழிலாளி பெறுகிறவராகவே நிற்கிறார். 1864இல், பல நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்த முதல் அகிலத்தின் விதிகளை எழுதிய மார்க்ஸ், தொழிலாளி வர்க்கத்தின் விடுதலையைத் தொழிலாளி வர்க்கமேதான் வென்றெடுக்க வேண்டும் என்று தொடங்கியது இந்த இரண்டு வேர்களுக்கும் சேர்த்துச் சொன்ன பதில்.

இவ்வளவு சுவையிருந்தும் ஓவனின் சொந்த எழுத்தை முதல் நூலாக நான் வைக்கமாட்டேன். அவர் செய்தது பெரிது. எழுதியது நீண்ட உபதேசமாகச் சலிப்பூட்டும். அவர் கதையை ஒரு மாலை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

எங்கெல்ஸ்

அந்தக் கதையைச் சொல்ல மிகச் சிறந்த கையேடு எங்கெல்ஸின் சிறு நூல்தான். மேலே சொன்ன 2,500 பேர் கணக்கையும் அவர்தான் எடுத்துக் காட்டுகிறார். டூரிங் என்ற பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு எதிராக எழுதிய பெரிய நூலிலிருந்து மூன்று அத்தியாயங்களைப் பிரித்தெடுத்து, மார்க்ஸின் மருமகன் லஃபார்க் 1880இல் பிரெஞ்சில் கொண்டுவந்தார். 1892 ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில், கட்சி அறிக்கையும் மூலதனமும்கூட இத்தனை முறை மொழிபெயர்க்கப்படவில்லை என்று எங்கெல்ஸ் எழுதுகிறார்.

முதல் அத்தியாயம் அருமை. கற்பனாவாதிகளை எள்ளி நகையாடாமல், முதலாளித்துவம் இன்னும் முதிராத காலத்தில் அவர்களுக்கு அதைவிடத் தெளிவாகப் பார்க்க வழியில்லை என்று மரியாதையோடு எழுதுகிறார். மூன்றாவதும் நன்று. ஒவ்வொரு ஆலைக்குள்ளும் கண்டிப்பான திட்டம், ஆலைகளுக்கு வெளியே சந்தையில் யார் எவ்வளவு உற்பத்தி செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத அராஜகம். இந்த முரண்தான் 1825இலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை நெருக்கடியாக வெடிக்கிறது என்று காட்டுகிறார். மான்செஸ்டரில் குடும்ப நூற்பாலை நிறுவன அலுவலகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு கணக்குப் பார்த்தவர். சந்தையின் போக்கு அவருக்குக் கைக்கணக்காகத் தெரியும்.

இரண்டாவது அத்தியாயத்தில்தான் வண்டி நிற்கும். இயங்கியல், ஹெகல், இயற்கை பற்றிய பார்வை என்று அது தத்துவத்துக்குள் போகிறது. வேலை முடித்து வந்து உட்கார்கிறவர்களுக்கு அந்த இடம் கனம். எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. இந்த நூலில் எல்லாம் முடிவான குரலில் வருகிறது. தொழிலாளி வர்க்கம் அரசைக் கைப்பற்றும், உற்பத்திச் சாதனங்கள் பொதுவாகும், அரசு தானாக உலர்ந்து உதிரும் என்று சங்கிலி நேராகப் போகிறது. இதை முதலில் படிப்பவருக்குச் சோசலிசம் காலண்டரில் தேதி குறித்து வரும் ஒன்றாகப் பட்டுவிடும். மூன்றாவது நூலாக வைத்தால் அந்த ஆபத்து இல்லை.

கட்சி அறிக்கை

அதிகம் பேர் தொடங்குவது இதில்தான். 1847 இறுதியில் லண்டனில் கூடிய கம்யூனிஸ்ட் கழகத்தின் இரண்டாம் மாநாடு எழுதும் பொறுப்பைக் கொடுத்தது. ஜனவரி முடியப்போகிறது, கையெழுத்துப்படி வந்தபாடில்லை. பிப்ரவரி 1க்குள் வந்து சேராவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று லண்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸில் இருந்த மார்க்ஸுக்குக் கடிதம் போயிற்று. 1848 பிப்ரவரியில் 23 பக்கத்தில் அச்சானபோது மார்க்ஸுக்கு 29 வயது, எங்கெல்ஸுக்கு 27. அந்த இளமையும் அவசரமும் நடையில் தெரியும். தமிழிலும் அதற்கு நீண்ட வாழ்வு உண்டு. 1931இலேயே 'சமதர்ம அறிக்கை' என்ற தலைப்பில் பெரியார் 'குடி அரசு' இதழில் அதை வெளியிட்டார்.

முதல் பகுதியைப் படிக்கிறவர் எதிர்பாராதது, முதலாளி வர்க்கத்துக்கு அதில் கிடைக்கும் புகழ்ச்சி. நூறாண்டு ஆட்சிக்குள் முந்தைய தலைமுறைகள் எல்லாம் சேர்ந்து உருவாக்கியதைவிடப் பெரிய உற்பத்தி சக்திகளை அது உருவாக்கிவிட்டது என்கிறார்கள். கம்யூனிஸ்டுகள் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்கிறவர்கள் இல்லை என்பது முதல் சில பக்கங்களிலேயே தெளிவாகிவிடும். இரண்டாம் பகுதியில் சொத்து பற்றிய விவாதம் வருகிறது. 'நான் உழைத்துச் சேர்த்த வீட்டையும் பிடுங்குவீர்களா?' என்று இன்றும் டீக்கடையில் கேட்கப்படும் கேள்விக்கு அங்கே நேரடியான பதில் இருக்கிறது: ஒழிக்க வேண்டியது, பிறர் உழைப்பை அடக்கியாளும் அதிகாரமாகிய சொத்தை, அந்தச் சொத்தும் பத்தில் ஒன்பது பேரிடம் ஏற்கெனவே இல்லை. பத்து உடனடி நடவடிக்கைகளின் பட்டியலில் வளர்விகித வருமான வரி, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி, ஆலைகளில் குழந்தை உழைப்பு ஒழிப்பு ஆகியவை இருக்கின்றன. இன்று இவை பல நாடுகளில் சாதாரணச் சட்டம்.

இந்த அறிக்கை தன்னைச் சோசலிஸ்ட் என்று அழைக்காமல் கம்யூனிஸ்ட் என்று அழைத்ததற்கு எங்கெல்ஸ் 1888 முன்னுரையில் காரணம் சொல்கிறார். 1847இல் சோசலிசம் என்றால் நடுத்தர வர்க்கத்தாரின் இயக்கம், ஓவன், ஃபூரியே சீடர்கள், சமூக நோய்க்குக் கைமருந்து சொல்கிறவர்கள். கம்யூனிசம் என்றால் தொழிலாளர்களுடையது. இரண்டு மரபுகளும் எங்கே பிரிந்தன என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு பத்தி போதும்.

பிறகு ஏன் இது முதல் நூல் ஆகக்கூடாது? 1848இல் மார்க்ஸிடம் உபரி மதிப்பு, அதாவது தன் கூலிக்கு மேல் தொழிலாளி உண்டாக்கும் மதிப்பு, பற்றிய கோட்பாடு இன்னும் உருவாகவில்லை. தொழிலாளி சுரண்டப்படுகிறார் என்று அறிக்கை முழங்குகிறது. சம்பளத்தைப் பேசியபடி, நேர்மையாக, முதல் தேதியிலேயே கொடுத்துவிடும் முதலாளியிடம் சுரண்டல் எப்படி நடக்கிறது என்று அதில் விளக்கமில்லை. அந்த இடம் காலியாக இருக்கும்போது படிக்கிறவர் முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். அதோடு மூன்றாம் பகுதி இன்று யாருக்கும் தெரியாத ஜெர்மன், பிரெஞ்சுக் குழுக்களோடு நடத்தும் சண்டை. முதல்முறை படிப்பவர் அதைத் தாண்டிக் குதித்துவிடலாம். 1871இல் பாரிஸ் தொழிலாளர்கள் சில வாரம் நடத்திய ஆட்சியான பாரிஸ் கம்யூனின் அனுபவத்துக்குப் பிறகு இதன் சில பகுதிகள் காலாவதியாகிவிட்டன என்று எழுதியவர்களே 1872 முன்னுரையில் ஒப்புக்கொண்டார்கள். அந்த முன்னுரையைத் தவறாமல் படியுங்கள்.

மூலதனம்

1867இல் ஹாம்பர்க்கில் முதல் பாகம் வெளிவந்தபோது அச்சடித்தது 1,000 படிகள். 'மூலதனத்திலேயே தொடங்கு' என்கிறவர்களின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் முதல் அத்தியாயத்தில் 20 கெஜம் லினன் துணிக்கும் ஒரு மேலங்கிக்கும் இடையிலான சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகும்போது, பத்துப் பேர் கொண்ட வட்டம் சீக்கிரமே மூன்று பேர் வட்டமாகிவிடும். தொடக்க அத்தியாயங்கள் கடினம் என்பதை மார்க்ஸே மறைக்கவில்லை. நண்பர் குகல்மனுக்கு 1867 நவம்பரில் எழுதிய கடிதத்தில், உங்கள் மனைவி வேலைநாள், கூட்டுறவு, உழைப்புப் பிரிவினையும் இயந்திரமும், ஆதித் திரட்டல் ஆகிய பகுதிகளை முதலில் படிக்கட்டும் என்கிறார். ஆசிரியரே காட்டிய குறுக்குவழி இருக்கும்போது அதில் போகத் தயங்க வேண்டியதில்லை.

வேலைநாள் அத்தியாயத்தை எல்லோரும் படிக்க வேண்டும். கோட்பாடு அதில் சில பக்கம்தான். மற்றது ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகள், மருத்துவர்களின் சாட்சியம், செய்தித்தாள் துணுக்குகள். 1863 ஜூனில் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையல் பெண் இறந்துபோனாள். இளவரசிக்காக நடந்த நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் ஆடைகள் முடிய வேண்டும் என்று, 60 பெண்களோடு, ஓர் அறைக்கு 30 பேராக, இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் தைத்தவள். வெள்ளிக்கிழமை படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். மார்க்ஸ் இதைக் கோபத்தில் கத்திச் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னதையும் மரண விசாரணைக் குழு சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறார்.

இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரில் உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணியிலும் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்த ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு அப்படியே இருக்கும், நாலு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று அன்று சொல்லப்பட்ட வாதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். பிள்ளைகளின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்த 1833 ஆலைச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலேய ஆலைமுதலாளிகள் பிள்ளைகளை மாற்றி மாற்றி அழைத்துக் கணக்கைக் குழப்பிய விதம் அங்கே விரிவாக இருக்கிறது. எவை ஒன்று, எவை வேறு என்று வட்டமே முடிவு செய்யட்டும்.

கூலி, விலை, லாபம்

1865 ஜூன் 20, 27 ஆகிய இரண்டு நாள் முதல் அகிலத்தின் பொதுக்குழுவில் மார்க்ஸ் ஆங்கிலத்தில் பேசிய உரை இது. எதிரில் இருந்தவர் ஜான் வெஸ்டன். தச்சுத்தொழிலில் இருந்து வந்தவர், ஓவனின் சீடர், நேர்மையான மனிதர். கூலி உயர்வு கேட்டுப் போராடுவது வீண், கூலி கூடினால் விலைவாசியும் கூடும், கடைசியில் தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்பார் என்பது அவர் வாதம். பழைய சோசலிசமும் புதிய சோசலிசமும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே அமைப்பின் உறுப்பினர்களாக உட்கார்ந்து பேசிய இடம் இது. இதை முதலில் வைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும். சோசலிசத்தின் தோற்றமும் அதன் மையக் கருத்தும் இங்கே சந்திக்கின்றன. அதுவும் தொழிலாளி தினமும் கேட்கிற கேள்வியின் மேல்.

வெஸ்டன் ஓர் உவமை சொன்னார். கிண்ணத்தில் இருக்கிற சூப் இவ்வளவுதான், கரண்டியைப் பெரிதாக்கினால் சூப் கூடிவிடுமா? மார்க்ஸ் அதே உவமையைத் திருப்பினார். கிண்ணத்தில் இருப்பது நாட்டின் மொத்த உழைப்பின் விளைவு. தொழிலாளி நிறைய எடுக்க முடியாததற்குக் கிண்ணம் சிறியது என்பதோ சூப் குறைவு என்பதோ காரணமில்லை, அவர் கையில் உள்ள கரண்டி சிறியது. சம்பளம் ஏற்றினால் விலை ஏறும் என்ற வாதத்தை நாமும் ஒவ்வொரு ஊதியப் பேச்சுவார்த்தையிலும் கேட்கிறோம். பத்து மணி நேர வேலைச் சட்டம் வந்தால் தொழிலே அழியும் என்று பொருளாதார அறிஞர்கள் எச்சரித்ததையும், பிறகு கூலியும் உற்பத்தியும் கூடிப் பொருள்களின் விலை குறைந்ததையும் மார்க்ஸ் அவைக்கு நினைவூட்டுகிறார்.

உரையின் நடுப்பகுதியில் கணக்கு வருகிறது. ஒரு தொழிலாளி ஒரு நாள் உயிர்வாழத் தேவையான பொருள்களை உண்டாக்க 6 மணி நேர உழைப்பு ஆகிறது, பணமாக 3 ஷில்லிங் என்று வைத்துக்கொள்கிறார். அந்த 3 ஷில்லிங்தான் அவருடைய உழைப்புச் சக்தியின் மதிப்பு. முதலாளி அதை முழுதாக, ஒரு காசு குறைக்காமல் கொடுக்கிறார். ஆனால் வாங்கியது ஒரு நாள் முழுதுக்குமான உழைப்புச் சக்தியை. தொழிலாளி 12 மணி நேரம் வேலை செய்கிறார், 6 ஷில்லிங் மதிப்பைச் சேர்க்கிறார். முதல் 6 மணியில் தன் கூலியை ஈட்டிவிட்டார். அடுத்த 6 மணிக்கு ஈடாக அவருக்கு எதுவும் வருவதில்லை. எங்கும் திருட்டு நடக்கவில்லை, பொருள் அதன் மதிப்புக்கே விற்கிறது, ஆனாலும் லாபம் பிறந்துவிட்டது. நிலத்துக்காரரின் வாடகை, கடன் கொடுத்தவரின் வட்டி, தொழில் நடத்துகிறவரின் லாபம் எல்லாம் இந்தக் கூலியில்லா நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதே. ஓவன் நியூ லானார்க்கில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது.

பண்ணை அடிமையோடு அவர் ஒப்பிடும் இடம் தஞ்சைப் பக்கத்துப் பண்ணையாள் முறையைக் கேள்விப்பட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மூன்று நாள் தன் நிலத்தில், மூன்று நாள் ஆண்டையின் நிலத்தில் என்று உழைத்த குடியானவனுக்கு எது தனக்கு, எது பிறருக்கு என்று கண்ணெதிரே தெரிந்தது. கூலி உழைப்பில் இரண்டும் ஒரே ஷிப்டுக்குள் கலந்துகிடப்பதால் முழு நாளுக்கும் சம்பளம் கிடைத்துவிட்டதுபோலத் தோன்றுகிறது.

இந்த அமர்வுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். மொத்த விற்பனையிலிருந்து மூலப்பொருள், மின்சாரம், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சத்தில் ஊழியர் செலவு எவ்வளவு என்று பாருங்கள். இது மார்க்ஸ் சொல்லும் உபரி மதிப்பின் துல்லியமான அளவு ஆகாது. சந்தை விலை வேறு, மதிப்பு வேறு. ஒப்பந்தக்காரர் மூலம் வரும் கூலி பெரும்பாலும் வேறு தலைப்பில் ஒளிந்திருக்கும். ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த தொழிலாளிக்குக் கோட்பாடு இனி மனப்பாடம் செய்ய வேண்டிய பாடமாக இருக்காது.

முடிவில் மார்க்ஸ் வெஸ்டனுக்கு ஓரளவு இடமும் கொடுக்கிறார். கூலிப் போராட்டம் தேவை, அதைக் கைவிட்டால் தொழிலாளர்கள் இன்னும் பெரிய இயக்கம் எதையும் தொடங்கும் தகுதியை இழப்பார்கள். ஆனால் அது விளைவுகளோடு நடக்கும் போர், காரணம் அப்படியே நிற்கிறது. ஆகவே 'நியாயமான நாள் வேலைக்கு நியாயமான நாள் கூலி' என்ற பழைய வாசகத்தை விட்டுவிட்டு, கூலி முறையையே ஒழிப்போம் என்று கொடியில் எழுதுங்கள் என்கிறார். சீர்திருத்தமா புரட்சியா என்று முப்பது ஆண்டு கழித்து ஜெர்மன் சோசலிஸ்டுகளான பெர்ன்ஸ்டைனும் ரோசா லக்சம்பர்க்கும் மோதிக்கொண்ட விவாதத்தின் விதை இந்தக் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது. இந்த உரை மார்க்ஸ் உயிரோடு இருந்தபோது அச்சாகவில்லை. மகள் எலினோர் பதிப்பித்து 1898இல்தான் வெளிவந்தது.

குறைகளும் உண்டு. மதிப்பு பற்றிய ஆறாம் பகுதியை ஒரே மூச்சில் படிக்க முடியாது, இரண்டு அமர்வு வேண்டும். அரசு பற்றி ஒன்றுமில்லை. வீட்டுக்குள் சம்பளமில்லாமல் சமைத்து, துவைத்து, மறுநாள் வேலைக்கு ஆளை அனுப்புகிற பெண்ணின் உழைப்பு கணக்கில் வரவில்லை. வட்டத்தில் உள்ள பெண்கள் இதை முதல் நாளே கேட்பார்கள், கேட்க வேண்டும். சாதிக்கும் இந்த ஐந்து நூல்களில் பதில் தேட முடியாது. சாதி என்பது உழைப்புப் பிரிவினை மட்டுமில்லை, உழைப்பாளர்களையே பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் வைத்த வாதத்தைத் தனி அமர்வாக வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா வட்டத்துக்கும் இதே வரிசை பொருந்தும் என்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். வரலாறு படிக்கும் மாணவர்கள் மட்டும் கூடினால் எங்கெல்ஸிடம் தொடங்கலாம். ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் கட்சி அறிக்கையின் முதல் இரண்டு பகுதிகள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஓவன் கதையிலிருந்து தொடங்குவதுதான் ஒட்டும். சம்பளம் வாங்கி வாழ்கிறவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் கூலி, விலை, லாபம். பிறகு வேலைநாள் அத்தியாயம், அப்புறம் கட்சி அறிக்கை, அதன்பின் எங்கெல்ஸ்.

இவை முடிந்த பிறகு 'அப்படியானால் சோசலிசம் வந்தால் எப்படி இருக்கும், கம்யூனிசம் என்பது அதிலிருந்து எப்படி வேறு?' என்ற கேள்வி தானாக வரும். அதற்கு 1875இல் ஜெர்மன் கட்சியின் வரைவுத் திட்டத்தின் மேல் மார்க்ஸ் எழுதிய 'கோத்தா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனம்' போதும். உழைப்பின் முழுப் பயனும் தொழிலாளிக்கே என்ற இனிப்பான வாசகத்தை அவர் அங்கே பிரித்துப் போடுகிறார். இயந்திரம் தேய்ந்தால் மாற்ற வேண்டும், உற்பத்தியை விரிவாக்க வேண்டும், விபத்துக்கு ஒதுக்க வேண்டும், பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் உழைக்க முடியாதவர்களுக்கும் எடுத்துவைக்க வேண்டும், மிச்சம்தான் பங்கு. முதல் கட்டத்தில் உழைப்புக்கு ஏற்பப் பங்கு, அதிலும் சமமின்மை இருக்கும் என்று ஒளிவில்லாமல் எழுதுகிறார். உயர்ந்த கட்டத்தில்தான் தேவைக்கு ஏற்ப. அந்த முதல் கட்டத்தையே சோசலிசம் என்று வழக்கமாக அழைக்கிறார்கள் என்று பெயர்களைப் பிரித்துச் சொன்னவர், 1917இல் தலைமறைவில் இருந்து 'அரசும் புரட்சியும்' எழுதிய லெனின்.

லெனினைத் தனியாகப் படிக்க வேண்டாம். எந்த நேரமும் திரும்ப அழைக்கக்கூடிய பிரதிநிதிகள், தொழிலாளியின் கூலிக்கு மேல் வாங்காத அதிகாரிகள் என்று பாரிஸ் கம்யூனை முன்மாதிரியாக வைத்து அவர் எழுதியதற்கும், 1918இல் ஜெர்மன் சிறையில் இருந்தபடி ரஷ்யப் புரட்சியைப் பற்றி லக்சம்பர்க் எழுதியதற்கும் இடையே ஓராண்டுதான் இடைவெளி. லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகளின் துணிவை லக்சம்பர்க் மனதாரப் பாராட்டுகிறார். அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததையும் பத்திரிகைச் சுதந்திரத்தை ஒடுக்கியதையும் அதே பக்கங்களில் கண்டிக்கிறார். மாற்றுக் கருத்துடையவருக்கு இல்லாத சுதந்திரம் சுதந்திரமே இல்லை என்கிறார். 1919 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டார், அந்தச் சிறுநூல் 1922இல்தான் அச்சேறியது. இரண்டையும் ஒரே மாதத்தில் படித்துவிடுங்கள், இடையில் நாள் விட்டுப்போனால் இருவரில் ஒருவர் குரல் மட்டுமே வட்டத்தில் தங்கும்.